ரேச்சல் கார்சன் அம்மையார்

கடலைக் கண்ணால் காணாமலே இருபத்திரண்டு ஆண்டுகள் வளர்ந்த பெண் ஒருவர், பின்னாளில் கடலைப் பற்றி உலகமே வியக்கும்படி எழுதினார் என்றால் நம்புவதற்கு அரிதாகத் தோன்றும். அவரே அரசாங்க அலுவலில் இருந்தபோது, உணவுக்கு மீனை நாடுங்கள் என்று மக்களுக்கு எடுத்துச் சொன்னவர். பிற்காலத்தில், அந்த மீனின் உடலில் நஞ்சு சேர்கிறது என்று அஞ்சாது எடுத்துரைத்தவரும் அவரே. அவர்தாம் அமெரிக்க நாட்டு அறிஞர் ரேச்சல் கார்சன் அம்மையார். அவருடைய வரலாற்றை நம் மன்றத்து மலரில் எழுத எனக்குத் தனிப்பட்ட காரணம் ஒன்று உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் கடற்கரையில் பிறந்தவள். குமரி மாவட்டம் முடிந்து கேரளம் தொடங்கும் இடத்தில், நெய்யாற்றின்கரை வட்டத்தில், குளத்தூர் ஊராட்சி இருக்கிறது. அதன் கடலோரப் பகுதி பொழியூர். 1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் மாநில எல்லைகள் புதிதாக வரையப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. என் பாட்டனார் குளச்சல் பக்கத்திலிருந்து தொழிலுக்காக இங்கே குடிவந்தவர். ஆகவே எங்கள் வீட்டில் பேச்சு தமிழ். பள்ளியில் படித்தது மலையாளம். சாளைக்கும் அயலைக்கும் நெத்தோலிக்கும் மட்டும் இரு மொழியிலும் ஏறக்குறைய ஒரே பெயர்தான்!

என் அத்தை விடியற்காலையில் கரையில் மீன் எடுத்து, அலுமினியச் சருவத்தில் சுமந்து, உச்சக்கடை, பாறசாலைத் தெருக்களில் விற்பவர். அந்தச் சருவத்தின் வருவாயில்தான் நான் படித்தேன். இன்று முதுகலை வகுப்பில் எனக்கு வாய்த்த ஆய்வோ, கடல் மீனில் பூச்சிக்கொல்லி மருந்தின் எச்சம் எவ்வளவு என்று அளப்பது! அத்தை விற்கும் மீனில் நஞ்சு உண்டா என்று பார்ப்பதே என் படிப்பாகிவிட்டது. இந்த நிலையில் எனக்குத் துணையாக நின்றது கார்சன் அம்மையாரின் வாழ்க்கை.

இளமையும் கல்வியும்

பென்சில்வேனியா மாநிலத்தில், அல்லெகெனி ஆற்றின் கரையில், ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில் 1907-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் ரேச்சல் பிறந்தார். கடல் அங்கிருந்து நெடுந்தொலைவு. செல்வம் இல்லாத குடும்பம். ஆனால் தாயார் மரியா அம்மையார் நூல்களிலும் இயற்கையிலும் தோய்ந்தவர். மகளைத் தோட்டத்துக்கும் காட்டுக்கும் அழைத்துச் சென்று, பறவையையும் பூச்சியையும் பெயர் சொல்லிக் காட்டுவார். பதினோராவது வயதிலேயே ரேச்சலின் கதை ஒன்று சிறுவர் இதழில் அச்சேறியது. எழுத்தாளராக வேண்டும் என்பதே அவர் ஆசை.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கத்தான் சேர்ந்தார். ஆனால் மேரி ஸ்கிங்கர் என்ற உயிரியல் ஆசிரியையின் வகுப்பு அவர் மனத்தைத் திருப்பிற்று. பாடத்தை மாற்றிக்கொண்டார். பெண்ணுக்கு அறிவியலில் பிழைப்பு ஏது என்று பலர் எச்சரித்த காலம் அது. 1929-இல் சிறப்புடன் பட்டம் பெற்று, அக்கோடையில் வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்துக்குச் சென்றார். அங்கேதான் முதன்முதலாகக் கடலைக் கண்டார்.

பின்னர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1932-இல் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். ஆய்வேட்டின் பொருள் கெளுத்தி மீனின் கருவில் சிறுநீரகம் உருவாகும் முறை. மேலும் ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற விரும்பினார். ஆனால் அமெரிக்காவைப் பொருளாதார வீழ்ச்சி வாட்டிய நேரம். தாயும் தந்தையும் உடன்பிறந்தாரும் அவரையே நம்பி வந்து சேர்ந்தனர். 1934-இல் படிப்பைக் கைவிட்டார். அடுத்த ஆண்டு தந்தை மறைந்தார். 1937-இல் தமக்கையும் இறக்க, அவருடைய இரு பெண்மக்களை வளர்க்கும் கடமையும் ரேச்சலைச் சேர்ந்தது. நம் வீடுகளில் மூத்த பெண்கள் சுமக்கும் சுமைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

கடலின் எழுத்தாளர்

வயிற்றுப் பிழைப்புக்காக அமெரிக்க மீன்துறையில் வானொலிக்கு எழுதும் சிறு வேலையை ஏற்றார். கடல் உயிர்களைப் பற்றிய 52 சிறு நிகழ்ச்சிகள். மற்றவர் எழுதினால் உறக்கம் வரும் பொருள், அவர் எழுதினால் மக்கள் காதுகொடுத்துக் கேட்கும் பொருளாயிற்று. 1936-இல் அரசுத் தேர்வில் சிறந்து தேறி, அத்துறையிலேயே நீர்வாழ் உயிரியலாளராக நிலையான பணி பெற்றார். இரண்டாம் உலகப்போரின்போது இறைச்சி அருகியபோது, இன்ன மீன் சத்துள்ளது, இப்படிச் சமைக்கலாம் என்று மக்களுக்கு விளக்கும் வெளியீடுகளை எழுதியவர் அவரே.

இரவு நேரத்தில் தமக்கென்று எழுதினார். 1941-இல் வந்த முதல் நூல் 'கடற்காற்றின் கீழே'. அது வெளிவந்த சில வாரங்களில் அமெரிக்கா போரில் இறங்கியது. நூலை வாங்குவார் இல்லை. பத்தாண்டு கழித்து, 1951-இல் 'நம்மைச் சூழ்ந்த கடல்' வந்தது. 86 வாரங்கள் அது மிகுதியாக விற்கும் நூல்களின் பட்டியலில் இருந்தது. நாட்டின் நூல் விருதையும் பெற்றது. 1952-இல் அரசுப் பணியை விட்டு விலகி முழுநேர எழுத்தாளரானார். 1955-இல் 'கடலின் விளிம்பு' வெளிவந்தது. இந்த நிலையிலேயே அவர் வாழ்வு முடிந்திருந்தாலும், கடலைப் பாடிய உரைநடைக் கவிஞர் என்று உலகம் அவரைப் போற்றியிருக்கும். ஆனால் அவருக்கு வேறொரு கடமை காத்திருந்தது.

டி.டி.டி. என்னும் மாமருந்து

1939-இல் சுவிட்சர்லாந்து நாட்டுப் பால் முல்லர், டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் ஆற்றல் உடையது என்று கண்டார். 1948-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதில் வியப்பில்லை. நம் நாட்டில் 1947-இல் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவால் வருந்தினர், 8 இலட்சம் பேர் இறந்தனர் என்பது மதிப்பீடு. 1953-இல் நாடு தழுவிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. 1960-களின் நடுவில் நோயாளர் தொகை ஓர் இலட்சம் அளவுக்கு இறங்கிற்று. எங்கள் பாட்டி, மருந்து அடிக்க ஆள் வந்த நாளைத் திருநாளைப்போல நினைவுகூர்வார். அந்த நன்றியை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் மருந்து வேறு, அதைத் தெளிக்கும் முறை வேறு. 1945-இலேயே மேரிலாந்தில் அரசு ஆய்வாளர்கள் டி.டி.டி.யைக் காட்டில் தெளித்து, பிற உயிர்களுக்கு நேர்வதைக் குறித்துவைத்தனர். கார்சன் அம்மையார் அந்த ஆய்வைப் பற்றிக் கட்டுரை எழுத விரும்பி ஒரு பேரிதழுக்கு மடல் விடுத்தார். அவர்கள் விரும்பவில்லை. 13 ஆண்டுகள் கடந்தன. 1958-ஆம் ஆண்டு சனவரியில், மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து ஓல்கா ஹக்கின்ஸ் என்ற தோழியின் மடல் வந்தது. கொசுவை ஒழிக்க விமானத்திலிருந்து மருந்து தெளித்த பிறகு, தம் தோட்டத்துப் பறவைகள் செத்து வீழ்ந்ததை அவர் எழுதியிருந்தார். வேறு யாராவது இதை எழுதட்டும் என்றுதான் அம்மையார் முதலில் முயன்றார். எவரும் முன்வரவில்லை. தாமே எழுதத் துணிந்தார்.

அவர் திரட்டிய சான்றுகளில் மீனைப் பற்றியவை என் நெஞ்சில் நிற்பவை. கனடா நாட்டு மிராமிச்சி ஆற்றுப் படுகையில், மரங்களை அரிக்கும் புழுவைக் கொல்ல 1954-இல் டி.டி.டி. தெளித்தனர். தெளித்த பகுதியில் அவ்வாண்டு பொரித்த சால்மன் குஞ்சுகள் ஏறத்தாழ அடியோடு அழிந்தன. கலிபோர்னியாவின் கிளியர் ஏரிக் கதை இன்னும் நுட்பமானது. அங்கே சிறு பூச்சிகளை ஒழிக்க, டி.டி.டி.யின் உறவான டி.டி.டி.வகை மருந்தொன்றை மிக மிகக் குறைந்த அளவில் கலந்தனர். நீரில் அது 10 இலட்சத்தில் 0.02 பங்கு. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களில் அளந்தபோது 5 பங்கு. அவற்றைத் தின்னும் மீனில் 40 முதல் 300 பங்கு. மீனைத் தின்னும் முக்குளிப்பான் பறவையின் கொழுப்பில் 1,600 பங்கு! பறவைகள் கூட்டமாக மாண்டன. நீரைச் சோதித்தவர் கண்ணுக்கு ஏரி தூயது; மீனைச் சோதித்தவருக்கே உண்மை விளங்கிற்று.

இதன் காரணம் எளியது. இவ்வகை மருந்து நீரில் கரைவதில்லை, கொழுப்பில் கரையும்; எளிதில் சிதைவதும் இல்லை. சிறு உயிர் தான் உண்டதைக் கழிக்க முடியாமல் சேர்த்து வைக்கிறது. அதைத் தின்னும் பெரிய உயிர், அத்தனை சேமிப்பையும் வாரிக்கொள்கிறது. வட்டிக்கு வட்டி ஏறும் கடன்போல, படிப்படியாக அது பெருகும்.

1962-இல் 'மௌன வசந்தம்' வெளிவந்தது. இந்தியாவில் 1958-இல் பாரத்தியான் என்னும் மருந்தால் நேர்ந்த சாவுகளை அந்நூல் ஒரு வரியில் குறிப்பிடுகிறது. ஊர்ப்பெயர் அங்கே இல்லை. அந்த ஊர் கேரளம்தான்! கப்பலில் உணவுப் பண்டத்தோடு ஒருங்கே ஏற்றிய மருந்து கசிந்து, கோதுமை மாவில் கலந்து, அதை உண்ட 100-க்கு மேற்பட்டோரைக் கொன்றது. அந்தத் துயரத்தின் விளைவாகவே 1968-இல் நம் நாட்டில் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. அட்லாண்டிக்கின் கரையில் அமர்ந்து எழுதிய நூலில் நம் கரையின் துயரமும் இடம்பெற்றது கண்டு நான் சிறிது நேரம் பக்கத்தைப் புரட்டாமல் இருந்தேன்.

எதிர்ப்பும் உறுதியும்

நூல் வருமுன்பே வழக்கு மிரட்டல் வந்தது. வந்தபின் ஏளனம் பெருகியது. டாக்டர் பட்டம் இல்லாதவர் என்றனர். மணமாகாத பெண்ணுக்கு வருங்காலத் தலைமுறையைப் பற்றி என்ன கவலை என்றுகூடக் கேட்டனர். பூச்சிக்கொல்லியே கூடாது என்கிறார் என்று திரித்தனர். அவர் அப்படிச் சொல்லவில்லை. என்ன விளையும் என்று அறியாமல், அறிந்ததையும் மக்களுக்குச் சொல்லாமல், கண்மூடித் தெளிக்கலாகாது என்பதே அவர் வாதம். மிதமிஞ்சித் தெளித்தால் பூச்சிகள் மருந்துக்குப் பழகிவிடும் என்றும் எச்சரித்தார். 1976-இல் நம் நாட்டில் மலேரியா நோயாளர் 64 இலட்சமாகத் திரும்பப் பெருகியபோது, கொசு மருந்துக்குப் பழகியதும் அதன் காரணங்களில் ஒன்றாக இருந்தது.

எதிரிகளின் கூச்சலுக்கு அவர் விடை கூச்சல் அன்று. நூலின் இறுதியில் 50 பக்கங்களுக்கு மேல், ஒவ்வொரு கூற்றுக்கும் ஆதாரத்தை வரிசைப்படுத்தியிருந்தார். குடியரசுத் தலைவர் கென்னடி அமைத்த அறிவியல் குழு 1963 மே திங்களில் தந்த அறிக்கை, பெரும்பாலும் அவர் பக்கமே நின்றது.

இவ்வளவையும் அவர் எந்த நிலையில் செய்தார் தெரியுமா? 1957-இல், தாம் வளர்த்த மருமகள் இறக்க, அவளுடைய ஐந்து வயதுச் சிறுவனைத் தம் மகனாக ஏற்றார். 1958 இறுதியில் தாயார் மறைந்தார். 1960-இல் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை நடந்தது. நோய் மேலும் பரவியது. அதை அவர் வெளியே சொல்லவில்லை. தம் நோயின் கசப்பில் எழுதினார் என்று ஒருவரும் ஆதாரங்களைத் தள்ளிவிடக் கூடாது என்று எண்ணினார். 1964 ஏப்ரல் 14-ஆம் நாள், 56-ஆம் வயதில் உயிர் நீத்தார். அவர் அஸ்தியில் ஒரு பகுதி அவர் நேசித்த மெய்ன் கடற்கரையில் தூவப்பட்டது. 1972-இல் அமெரிக்கா டி.டி.டி.யின் பொதுப் பயனைத் தடைசெய்தது. அதைக் காண அவர் இல்லை. இந்தியா 1989-இல் வேளாண்மையில் அதை விலக்கி, நோய்த் தடுப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டது.

நான் செய்த பிழை

இனி என் கதைக்கு வருகிறேன். அந்நாளில் டி.டி.டி.யை அளக்க, 1945-இல் ஷெக்டர், ஹாலர் முதலியோர் வகுத்த முறையில் நீல நிறத்தை எழுப்பி, நிறத்தின் அடர்த்தியைப் பார்ப்பர். 1950-களின் பிற்பகுதியில் ஜேம்ஸ் லவ்லாக் என்ற ஆங்கிலேயர் அமைத்த எலக்ட்ரான் கவர் கருவி இந்த வேலையை எத்தனையோ மடங்கு நுட்பமாக்கியது. இன்று 100 கோடியில் ஒரு பங்கையும் அளக்கலாம். மீனின் சதையை எடைபோட்டு, நீரற்ற சோடியம் சல்பேட்டுடன் அரைத்து, ஹெக்சேனில் கொழுப்பையும் மருந்தையும் இறக்கி, கொழுப்பை நீக்கி, எஞ்சிய துளியை வாயு நிறப்பிரிகைக் கருவிக்குள் செலுத்துகிறோம். ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நேரத்தில் வெளிவந்து, தாளில் ஒரு முகடு வரைகிறது. தெரிந்த அளவுள்ள மருந்தின் முகட்டோடு ஒப்பிட்டால் கணக்குக் கிடைக்கும்.

கருவி நுட்பமானால் பிழையும் நுட்பமாகும். 1966-இல் சுவீடன் நாட்டு சோரன் யென்சன், மீனிலும் கழுகிலும் டி.டி.டி.யைத் தேடியபோது, பெயர் தெரியாத முகடுகளைக் கண்டார். ஆராய்ந்ததில் அவை பூச்சிக்கொல்லியே அல்ல. மின்பொறிகளில் பயன்பட்ட வேறொரு குளோரின் சேர்மம்! பொறுமை இல்லாதவர் அவற்றையும் பூச்சிமருந்தின் கணக்கில் சேர்த்திருப்பார்.

அந்தப் பொறுமை எனக்கு இருக்கவில்லை. பொழியூர்ச் சாளையில் நான் செய்த முதல் சோதனையிலே மலைபோல் ஒரு முகடு எழுந்தது. எனக்குக் கை நடுங்கிற்று. அன்றிரவே வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். சாளையில் நஞ்சு இருக்கிறது, வீட்டில் வைக்க வேண்டாம், விற்கவும் வேண்டாம் என்றேன். அத்தை இரண்டு நாள் சருவத்தைக் கவிழ்த்து வைத்தார். செய்தி கரையில் பரவிற்று. மற்ற பெண்களிடமும் வாங்க ஆள் தயங்கிற்று. மூன்றாம் நாள் என் பேராசிரியர் ஒரு கேள்வி கேட்டார். மீன் இல்லாமல், கரைப்பானை மட்டும் வைத்து இதே சோதனையைச் செய்தாயா என்றார். செய்யவில்லை. செய்து பார்த்தேன். மீன் இல்லாத அந்த வெற்றுச் சோதனையிலும் அதே மலை! கரைப்பானை ஊற்ற நான் பயன்படுத்திய பிளாஸ்டிக் குழாயிலிருந்து கரைந்து வந்த பொருள் அது.

ஊருக்குப் போய் அத்தையிடம் தலைகுனிந்து நின்றேன். அவர் வையவில்லை. இரண்டு நாள் வருவாய் போனது போகட்டும் என்றார். பிறகு, உண்மையாகவே நஞ்சு இருப்பதாகத் தெரிந்தால், அப்போது எங்கள் பிழைப்பை எண்ணி மறைத்துவிடுவாயா என்று கேட்டார். தாம் விற்கும் பொருளைத் தம் கையால் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தாய்மார்களை நாள்தோறும் காண்பவர் அவர். மறைத்தால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றார். அந்தக் கேள்விக்கு நான் படித்த எந்தப் பாடத்திலும் விடை இல்லை. கார்சன் அம்மையாரின் வாழ்வில் இருந்தது. ஆதாரம் கைக்கு வருமுன் வாய் திறவாமையும், வந்தபின் எவருக்காகவும் வாய் மூடாமையும் ஒரே நேர்மையின் இரு பக்கங்கள். அவர் நான்காண்டுகள் காத்துத் திரட்டினார். பிறகு ஒரு நாளும் பின்வாங்கவில்லை.

நமக்கு உரிய பணி

நம் கரையிலும் இப்பணி நடவாமல் இல்லை. பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தாரும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தாரும் 1980-களின் இறுதியில் வெள்ளாற்றுப் படுகையை ஆராய்ந்தனர். வயலில் இட்ட பி.எச்.சி. மருந்தின் மிகப்பெரும் பகுதி வெப்பத்தால் காற்றில் ஆவியாகிப் போயிற்று. சிறு பங்கே கழிமுகத்தை அடைந்தது என்று கண்டனர். குளிர்நாட்டுக் கணக்கை அப்படியே நம் நாட்டுக்குப் போட முடியாது என்பது இதனால் விளங்கும். நம் வெயிலையும் மழையையும் ஆற்றையும் மீனையும் நாமே அளந்தாக வேண்டும். நெய்யாறு பூவாற்றில் கடலைச் சேருமுன் எத்தனை வாழைத்தோட்டங்களையும் வயல்களையும் கடந்து வருகிறது!

என் அளவீடு இன்னும் முடியவில்லை. இப்போது ஒவ்வொரு தொகுதி மீனோடும் ஒரு வெற்றுச் சோதனை செய்கிறேன். தெரிந்த அளவு மருந்தை நானே மீனில் சேர்த்து, அது முழுதும் திரும்பக் கிடைக்கிறதா என்றும் பார்க்கிறேன். குழாய் கண்ணாடியால் ஆனது. எண்கள் என் ஆய்வேட்டில் வரும். அதற்குமுன் இந்த மலரில் அவற்றைச் சொல்வது முறையன்று. அவை எப்படி அமைந்தாலும், முதலில் அறியப்போகிறவர் என் அத்தை. அடுத்து அறிய வேண்டியவர் அவரிடம் மீன் வாங்கும் மக்கள்.

நண்பர்களே! நம்மில் பலர் தறியிலிருந்தும் வயலிலிருந்தும் வலையிலிருந்தும் வந்து, இப்பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் நிற்கிறோம். நாம் அளப்பது பெரும்பாலும் நம்மவர் உண்ணும் சோற்றையும் குடிக்கும் நீரையும்தான். வாழ்த்திப் பேச ஒரு சிலை போதும். கார்சன் அம்மையாரைப் போற்ற ஒழுங்காகக் கழுவிய ஒரு குடுவை வேண்டும். விடுமுறை கழிந்து நான் திரும்பியபோது, அத்தை புதிதாக இறங்கிய சாளையில் ஒரு கிலோவைப் பனிக்கட்டியில் பொதிந்து கொடுத்தனுப்பினார். சமைக்க அன்று, அளக்க.